கண் சிவந்தால் கசாயமா, கிளினிக்கா?

காலையில் எழுந்தால் இமை இரண்டும் ஒட்டிக்கொண்டு திறக்க முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தால் கண் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்திருக்கிறது. தெலுக் பங்லிமா காராங் தொழிற்பேட்டையில் ஒருவருக்கு வந்தால் போதும், வரிசையாகப் பலருக்கும் தொற்றிக்கொள்ளும் நோய் இது. உடனே பக்கத்து வீட்டு அக்கா யோசனை சொல்வார்: "கிளினிக் எதற்குத் தம்பி? சீன மருந்துக் கடையில் ஹுவாங் லியென் வாங்கிக் கொதிக்க வைத்துக் கண்ணைக் கழுவு. மூன்றே நாளில் போய்விடும்."

அக்கா சொல்வதில் உண்மை உண்டா?

ஹுவாங் லியென் என்பது கடுங்கசப்பான மஞ்சள் வேர்த்தண்டு. அதிலுள்ள முக்கியப் பொருள் பெர்பெரின். நம் மரமஞ்சளிலும் இதே பெர்பெரின் இருக்கிறது. ஆயுர்வேதத்தில் கண்ணுக்கு இடும் ரசாஞ்சனத்திலும் இதுதான். ஆகவே இது சீனர்களுக்கு மட்டுமே சொந்தமான வைத்தியம் அல்ல.

ஆய்வுக்கூடத் தட்டில் பெர்பெரின் பல பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது. மனிதர்களிடமும் சோதித்திருக்கிறார்கள். 1982இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில், டிரக்கோமா என்ற கண் நோயாளிகளுக்கு 0.2 விழுக்காடு பெர்பெரின் சொட்டு மருந்து கொடுத்து, அன்றைய வழக்கமான சல்பாசெட்டமைடு மருந்துடன் ஒப்பிட்டார்கள். பெர்பெரினுக்கு ஓரளவு நல்ல பலனே தெரிந்தது.

ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஆய்வில் கலந்துகொண்டவர்கள் சிலரே. இரண்டு, டிரக்கோமா ஒரு பாக்டீரியா நோய். நம்மிடையே வேகமாகப் பரவும் செங்கண் நோயோ பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது. மூன்று, அங்கே பயன்பட்டது அளவு பார்த்துக் கிருமி நீக்கிய சொட்டு மருந்து. சட்டியில் கொதிக்க வைத்த கசாயம் அல்ல.

அப்படியானால் "எனக்குக் குணமானதே" என்று பலர் சொல்வது எப்படி? வைரஸால் வரும் செங்கண் ஒன்று முதல் மூன்று வாரத்தில் தானாகவே ஆறும். பாக்டீரியாவால் வரும் லேசான தொற்றும் பெரும்பாலும் ஏழு, பத்து நாளில் அடங்கிவிடும். இடையில் எதை ஊற்றினாலும் அதற்கே பெயர் கிடைக்கும். ஒரே நோயுள்ள இரு குழுவினரில் ஒரு குழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்து ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

ஆபத்து எங்கே? கொதித்து ஆறிய கசாயத்தில் கிருமிகள் மீண்டும் சேரலாம். அது கருவிழியில் பட்டுப் புண்ணானால் தழும்பு விழும், பார்வையே போகலாம். தாய்ப்பால் விடுவதும் பூச்சாறு பிழிவதும் இதே கதைதான். பச்சிளங்குழந்தைகளிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. பெர்பெரின் மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கும் என்ற அச்சத்தால் சிங்கப்பூர் 1978இல் அதைத் தடை செய்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகே தடை நீங்கியது.

நம் நாட்டில் பாரம்பரிய மருந்தைக் கண் சொட்டு மருந்தாகப் பதிவு செய்ய அனுமதி இல்லை. கண் நோயைக் குணப்படுத்தும் என்று மருந்துகளை விளம்பரம் செய்வதற்கும் 1956ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது.

சாமந்திப்பூத் தேநீர் பிடித்தால் தாராளமாகக் குடியுங்கள். கண்ணில் மட்டும் ஊற்றாதீர்கள். கொதித்து ஆறிய சுத்தமான நீரில் நனைத்த பஞ்சால் இமையைத் துடையுங்கள். கைகளை அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துண்டு, தலையணை உறையைப் பிறரோடு பகிராதீர்கள்.

கண்ணில் கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சம் கூசுதல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி இவற்றில் ஒன்று தெரிந்தாலும், காண்டாக்ட் லென்ஸ் அணிபவருக்கோ பிறந்த குழந்தைக்கோ கண் சிவந்தாலும் தாமதம் வேண்டாம். பந்திங் மருத்துவமனைக்கோ கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ அன்றே செல்லுங்கள்.

அக்காவின் அக்கறையில் குறை இல்லை. அடுத்த முறை அவரே சொல்லட்டும்: "தம்பி, முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு வா."