பழைய காருக்கு ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ தேவையா? தேர்டு பார்ட்டி மட்டும் போதுமா?

காருக்கு வயசு பத்தைத் தாண்டிவிட்டால், இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் மாதத்தில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். “இந்த வண்டியை வித்தாலே ஒன்றரை லட்சம்தான் வரும். இதுக்கு எதுக்கு ஃபுல் இன்சூரன்ஸ்? தேர்டு பார்ட்டி போட்டுட்டுப் போயிடலாம்.” போனில் இரண்டு தட்டு தட்டினால் பிரீமியம் பாதியாகக் குறைகிறது. போலீஸ் மறித்தால் காட்ட ஒரு பேப்பர் இருக்கிறது. அப்புறம் என்ன கவலை?

இந்தக் கணக்கில் வண்டியின் விலை இருக்கிறது, பிரீமியம் இருக்கிறது. வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் இல்லை.

சட்டம் கேட்பது எவ்வளவு?

1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, சாலையில் ஓடும் எந்த வண்டிக்கும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். இல்லாமல் முதல் முறை சிக்கினால் 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் அபராதம் 4,000. இந்த பாலிசி, உங்கள் காரால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. உயிரிழப்பு, காயம் என்றால் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. அடுத்தவர் சொத்துக்குச் சேதம் என்றால் ஏழரை லட்சம் ரூபாய் வரை.

இதற்கான கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த பட்டியல்படி, 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416, அதற்கு மேல் 7,897. இதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கார் புதுசோ பழசோ, கட்டணம் ஒன்றுதான்.

‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று நாம் சொல்வது, இந்த தேர்டு பார்ட்டியோடு சொந்த வண்டியின் சேதத்துக்கான ‘ஓன் டேமேஜ்’ பகுதியும் சேர்ந்தது. விபத்து, திருட்டு, தீ, வெள்ளம் எல்லாம் இதில் வரும். வண்டி பழசானதும் கழற்றிவிட நினைப்பது இந்தப் பகுதியைத்தான்.

உள்ளே இருப்பவர்கள் யார்?

தேர்டு பார்ட்டி என்றால் ‘நம்மைத் தவிர மற்ற எல்லோரும்’ என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பக்கத்து சீட்டில் இருக்கும் மனைவி, பின் சீட்டில் இருக்கும் அம்மா, லிஃப்ட் கேட்டு ஏறிய ஆபீஸ் நண்பர் எல்லோரும் அதில் அடக்கம் என்பது அவர்கள் எண்ணம். தனியார் காரைப் பொறுத்தவரை அது உண்மை இல்லை. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி, சட்டம் கட்டாயம் என்று சொல்லும் அளவுக்கு மட்டும்தான் பொறுப்பேற்கும். சொந்த காரில் பயணம் செய்பவர்கள் அந்தக் கட்டாயத்துக்குள் வருவதில்லை. இதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் உறுதி செய்திருக்கிறது.

ஃபுல் இன்சூரன்ஸ் பாலிசியின் வாசகமோ, காரில் பயணம் செய்பவர்களையும் சேர்த்தே சொல்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009-ல் சுற்றறிக்கை அனுப்பி இதைத் தெளிவுபடுத்தியது. 2012-ல் உச்ச நீதிமன்றமும் இரண்டு பாலிசிக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைச் சுட்டிக்காட்டியது. ஒரே நிபந்தனை, பயணிகளிடம் காசு வாங்கியிருக்கக் கூடாது. சொந்த போர்டு வண்டியை வாடகைக்கு விடுபவர்களுக்கு எந்த பாலிசியும் கைகொடுக்காது.

நடைமுறையில் இது எப்படி வரும்? தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போகும் கார், குறுக்கே வந்த மாட்டுக்கு ஒதுங்கி தடுப்புச்சுவரில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர் வண்டி மேல் தவறு என்றால் அந்த வண்டியின் இன்சூரன்ஸ் இழப்பீடு தரும். இங்கே எதிர் வண்டியே இல்லை. பின் சீட்டில் இருந்த நண்பருக்குப் பலத்த காயம். அவர் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகிறார். காரிடம் ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால், தீர்ப்பாயம் சொல்லும் தொகையை நிறுவனம் கட்டும். தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தால், அந்தப் பொறுப்பு கார் உரிமையாளர் தலையில் விழும். காரின் விலை ஒன்றரை லட்சம். இழப்பீடு எத்தனை லட்சம் என்பதற்கும் காரின் விலைக்கும் சம்பந்தமே இல்லை.

இந்த ஓட்டையை அடைக்கும் முயற்சி சென்னையிலும் நடந்தது. 2021 செப்டம்பர் 1 முதல் விற்கப்படும் புதிய வாகனங்களுக்கு, பயணிகள், ஓட்டுநர், உரிமையாளர் எல்லோரையும் சேர்த்து ஐந்து ஆண்டுகளுக்கு ‘பம்பர் டு பம்பர்’ இன்சூரன்ஸ் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஆகஸ்டில் உத்தரவிட்டது. நடைமுறைச் சிக்கல்கள் சொல்லப்பட்டதும் அடுத்த மாதமே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஆக, முடிவு மறுபடி உரிமையாளர் கையில்.

அப்பா பேரில் ஆர்.சி., ஓட்டுவது மகன்

பழைய கார் என்றாலே பாதி வீடுகளில் இதுதான் நிலைமை. இரண்டு வகை பாலிசியோடும் 15 லட்சம் ரூபாய்க்கு ஒரு தனிநபர் விபத்துக் காப்பீடு வரும். அதன் முழுப் பெயர் ‘உரிமையாளர்-ஓட்டுநர்’ காப்பீடு. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான். அப்பா பேரில் இருக்கும் காரை மகன் ஓட்டிப்போய் விபத்தில் சிக்கினால், அந்த 15 லட்சம் மகனுக்குக் கிடைக்காது. உரிமையாளரிடம் வண்டியை வாங்கி ஓட்டுபவர், உரிமையாளரின் இடத்தில் இருப்பவராகவே கருதப்படுவார் என்பதால் தேர்டு பார்ட்டி என்றும் கேட்க முடியாது.

இதற்கு கார் பாலிசியில் தீர்வு தேடுவதைவிட, தினமும் ஓட்டுபவர் தன் பேரில் தனியாக ஒரு தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்வது நல்லது. எந்த வண்டியில் போனாலும் அது கூடவே வரும்.

சரி, எவ்வளவு மிச்சமாகும்?

ஓன் டேமேஜ் பிரீமியம், ஐ.டி.வி. எனப்படும் வண்டியின் காப்பீட்டு மதிப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு இந்த மதிப்பு எவ்வளவு குறைய வேண்டும் என்று பட்டியல் இருக்கிறது. நான்காண்டு தாண்டிய காருக்கு 50 சதவீதம் கழிவு. ஐந்து ஆண்டு தாண்டினால் பட்டியல் கிடையாது. நிறுவனமும் நீங்களும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகைதான்.

1,200 சி.சி. கார், ஐ.டி.வி. 1.8 லட்சம் என்று வைப்போம். ஓன் டேமேஜ் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கணக்குக்காக 3.5 சதவீதம் என்றால் 6,300 ரூபாய். ஐந்து ஆண்டு க்ளெய்ம் செய்யாதவருக்கு ‘நோ க்ளெய்ம் போனஸ்’ 50 சதவீதம். மீதி 3,150. ஜி.எஸ்.டி. சேர்த்தால் 3,717 ரூபாய். தேர்டு பார்ட்டிக்கு மாறினால் மிச்சமாவது இவ்வளவுதான், மாதத்துக்கு 310 ரூபாய். இன்னும் பழைய கார், ஐ.டி.வி. 60,000 என்றால் அதே கணக்கில் வருஷத்துக்கு 1,239 ரூபாய்.

கவனிக்க வேண்டிய இடம் இது. வண்டி பழசாகப் பழசாக ஓன் டேமேஜ் பிரீமியமும் கூடவே இறங்கிவிடுகிறது. ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கான பாதுகாப்பு ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை. ‘வண்டிக்கே மதிப்பில்லை, பிரீமியம் எதுக்கு’ என்ற வாதம் இந்த இடத்தில் வலுவிழந்துவிடுகிறது.

க்ளெய்ம் பண்ணினால் முழுசா வருமா?

வராது. பழைய கார் வைத்திருப்பவர்களின் கோபத்தில் நியாயம் இருப்பது இங்கேதான். பத்து வயது தாண்டிய காரின் உலோகப் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு எந்த வயதிலும் 50. கண்ணாடிக்கு மட்டும் கழிவு கிடையாது. தேய்மானமே கழிக்காத ‘ஜீரோ டெப்’ வசதி பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயது வரையிலான காருக்குத்தான் கிடைக்கும்.

30,000 ரூபாய் பில் ஒன்றைப் பாருங்கள். பம்பர் 6,000, கதவு 9,000, கண்ணாடி 3,000, லேபர் 7,000, பெயின்ட் 5,000. பம்பருக்கும் கதவுக்கும் பாதி கழியும். கண்ணாடியும் லேபரும் முழுசாக வரும். பெயின்ட் பில்லில் கால் பங்கை மெட்டீரியல் என்று எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். கடைசியில் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். கைக்கு வருவது 20,875. உங்கள் பையிலிருந்து 9,125.

அதோடு முடியவில்லை. க்ளெய்ம் செய்ததும் 50 சதவீத போனஸ் பூஜ்யமாகி, அடுத்தடுத்த ஆண்டுகளில் 20, 25, 35, 45 என்று மெல்ல ஏறும். மேலே சொன்ன காருக்கு இந்த ஐந்து ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டுவது சுமார் 9,300 ரூபாய். அதனால் பத்தாயிரத்துக்கும் கீழே இருக்கும் கீறல், நசுங்கலுக்கெல்லாம் க்ளெய்ம் போடாமல் இருப்பதே புத்திசாலித்தனம். ஒர்க் ஷாப்பில் ‘இன்சூரன்ஸ்ல போட்டுக்கலாம் சார்’ என்பார்கள். போனஸ் போவது அவர்களுக்கு இல்லையே.

எப்படியும் சின்ன க்ளெய்ம் போடப்போவதில்லை என்றால், முதல் சில ஆயிரங்களை நானே ஏற்கிறேன் என்று ‘தன்னார்வக் கழிவு’ தேர்ந்தெடுத்து பிரீமியத்தை இன்னும் குறைக்கலாம். தேர்டு பார்ட்டிக்கு இறங்குவதைவிட இது நல்ல வழி.

மலிவாகக் காட்டும் ஐ.டி.வி.

ஆப்களில் பிரீமியம் குறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஐ.டி.வி.யை அடிமட்டத்தில் வைத்துக் காட்டுவது உண்டு. 2 லட்சம் மதிப்புள்ள காருக்கு 1.4 லட்சம் என்று வைத்தால், மேலே சொன்ன கணக்கில் மிச்சமாவது 1,239 ரூபாய். வண்டி திருடு போனால் இழப்பது 60,000. இன்னொன்று, பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் ‘மொத்த இழப்பு’ என்று முடித்துவிடுவார்கள். ஐ.டி.வி. குறைவாக இருந்தால், சரிசெய்து ஓட்டக்கூடிய வண்டிகூட அந்தக் கணக்கில் போய்விடும். அதே மாடல், அதே ஆண்டு கார் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு, அதை ஒட்டி வையுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நிறுத்தி வைத்திருந்த கார்கள் அப்படியே மூழ்கின. தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருந்தவர்களுக்கு இதில் ஒன்றும் வராது. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தாலும், தண்ணீரில் நிற்கும் வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் பழுதானால் க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம். ‘எஞ்சின் புரொடெக்‌ஷன்’ தனியாக வாங்க வேண்டும்; பழைய கார்களுக்கு அதுவும் எளிதில் கிடைக்காது. சாவியைத் தொடாமல் இழுவை வண்டியைக் கூப்பிடுவதே ஒரே வழி.

யாருக்குத் தேர்டு பார்ட்டி போதும்?

மாதத்துக்கு இரண்டு முறை, ஒருவர் மட்டும் ஓட்டும் கார். அவருக்குத் தனியாக மருத்துவக் காப்பீடும் விபத்துக் காப்பீடும் இருக்கின்றன. வண்டி மொத்தமாகப் போனாலும் தாங்கிக்கொள்ளக் கூடிய கைநிலை. இப்படி இருந்தால் தாராளமாக மாறலாம். 15 வயது தாண்டிய கார்களுக்குச் சில நிறுவனங்கள் ஃபுல் இன்சூரன்ஸ் தர மறுப்பதும் உண்டு. அப்போது வேறு வழியில்லை. தேர்டு பார்ட்டியோடு தீ, திருட்டு மட்டும் சேர்த்துக்கொள்ளும் நடுத்தர வகை ஒன்று இருக்கிறது. எல்லா நிறுவனமும் தருவதில்லை; கிளை அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். எது எடுத்தாலும், சில நூறு ரூபாய் சேர்த்துக் கட்டி, பயணிகளுக்குத் தலைக்கு 2 லட்சம் வரையிலான விபத்துக் காப்பீட்டை இணைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பாயத்தின் இழப்பீட்டுக்கு அது ஈடாகாது. ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்.

செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு ஒன்று. பழைய உரிமையாளரின் போனஸ் உங்களுக்கு வராது; அது வண்டிக்கானது அல்ல, ஆளுக்கானது. வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பேருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஓன் டேமேஜ் க்ளெய்ம் சிக்கலாகும்.

ஒரு வருஷம் தேர்டு பார்ட்டி போட்டுப் பார்த்துவிட்டு, வேண்டுமானால் திரும்பலாம் என்று நினைப்பவர்கள், திரும்பும் வழியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓன் டேமேஜ் பகுதி 90 நாளுக்கு மேல் விட்டுப்போனால் சேர்த்து வைத்த போனஸ் முழுவதும் போய்விடும். மறுபடி சேர, நிறுவனத்தின் ஆள் வந்து வண்டியைப் பார்வையிட வேண்டும், அல்லது நீங்களே வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். பழைய நசுங்கல் ஒவ்வொன்றும் அதில் பதிவாகும். பிரீமியம் பூஜ்ய போனஸிலிருந்து தொடங்கும்.