தலைப்பிலேயே தெரியும் ஆய்வின் நேர்மை

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் வழியில் உள்ள சிற்றூர் காதங்கி. வளிமண்டல ஆய்வாளர்களுக்கு உலகெங்கும் பழக்கமான பெயர் அது. அங்குள்ள எம்எஸ்டி (மீசோஸ்பியர், ஸ்ட்ராடோஸ்பியர், ட்ரோபோஸ்பியர் என்ற வளிமண்டல அடுக்குகளின் சுருக்கம்) ரேடாரின் 1,024 ஆன்டெனாக்கள் 130 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட திடலில் வரிசையாக நிற்கின்றன. 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை வானுக்கு அனுப்பி, உயரே வீசும் காற்றின் வேகத்தையும் திசையையும் அளக்கின்றன. அந்த ரேடாரைப் பற்றி 1995இல் 'ரேடியோ சயின்ஸ்' இதழில் வெளியான கட்டுரையின் தலைப்பு, தமிழில் சொன்னால், இது: 'இந்திய எம்எஸ்டி ரேடார் 1. அமைப்பு விவரமும் எஸ்டி முறையில் மாதிரித் திசையன் காற்று அளவீடுகளும்.'

அலங்காரம் எதுவும் இல்லை. எந்தக் கருவி, எந்த முறையில் இயங்கும்போது, அதைப் பற்றி என்ன என்ற மூன்றுக்கும் பதில் இருக்கிறது. '1' என்ற எண், தொடர்ச்சி உண்டு என்கிறது. கருவியின் அளவீட்டை நம்பலாமா என்று பார்க்க வருபவர் இதைத் திறப்பார். முதல் அறிவியல் முடிவுகளைத் தேடுபவர் அதே ஆண்டு வெளிவந்த இரண்டாம் பகுதிக்குப் போவார். யாருடைய நேரமும் வீணாகாது.

தலைப்புக்கு இன்னொரு கடமையும் உண்டு. ஆய்வு எதுவரை பேசுகிறதோ, தலைப்பும் அதுவரைதான் பேச வேண்டும். பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த மதனப்பள்ளி காசநோய் ஆய்வுக்குப் பேர்போன ஊர். ஃபிரிமோட் மோல்லர் குழுவினர் அங்கு செய்த பிசிஜி தடுப்பூசி ஆய்வு, 1964இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. 'தென்னிந்தியக் கிராமப்புற மக்களிடையே பிசிஜி தடுப்பூசியின் பாதுகாப்பு விளைவு பற்றிய அவதானிப்புகள்' என்பது தலைப்பின் பொருள். பிசிஜி காசநோயைத் தடுக்கிறது என்று உலகத்துக்கே பொதுவாக அவர்கள் அறிவிக்கவில்லை. எந்த மக்களிடம் பார்த்தார்களோ, அவர்களைத் தலைப்பிலேயே குறித்தார்கள்.

அந்தக் கவனம் எவ்வளவு தேவையானது என்பது பின்னர் விளங்கியது. பிரிட்டனில் பள்ளி மாணவர்களிடம் நல்ல பாதுகாப்பைத் தந்த பிசிஜி, 1968இல் செங்கல்பட்டுப் பகுதியில் தொடங்கிய பெரிய சோதனையில் பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை. ஊருக்கு ஊர் பலன் மாறும் விஷயத்தில் ஊர்ப்பெயரை விட்ட தலைப்பு, படிப்பவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடும்.

இளம் ஆய்வாளர்கள் செய்யக்கூடியது என்ன? கற்பனையாக ஒன்றை எடுத்துக்கொள்வோம். சேஷாசலம் காட்டின் செம்மரத்தைப் பற்றி ஒரு மாணவி 'செம்மர விதைகள் குறித்த ஓர் ஆய்வு' என்று தலைப்பிடுகிறார். 'குறித்த ஓர் ஆய்வு' என்பதால் எந்தத் தகவலும் கிடைப்பதில்லை; விதையின் எதை ஆராய்ந்தார் என்பதும் தெரியவில்லை. 'வெந்நீரில் ஊறவைத்தல் செம்மர விதை முளைப்பை எவ்வாறு பாதிக்கிறது: சேஷாசலம் நாற்றங்காலில் ஒரு சோதனை' என்று மாற்றினால் காரணம், விளைவு, மரம், இடம், முறை அனைத்தும் வந்துவிடும். டெரோகார்பஸ் சந்தாலினஸ் என்ற தாவரவியல் பெயரையும் சேர்த்தால் எந்த நாட்டவரும் தேடிப் பிடிக்கலாம். துறைக்கு வெளியே பரவலாக அறியப்படாத சுருக்கப்பெயர்களைத் தவிர்ப்பது நல்லது. மருத்துவச் சோதனையில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்திருந்தால், அதைத் தலைப்பிலேயே சொல்லும்படி, இத்தகைய சோதனைகளை எழுதுவதற்கான கன்சார்ட் வழிகாட்டுதல் கேட்கிறது.

நீளமும் கவனிக்கத்தக்கது. 1,40,000 கட்டுரைகளை அலசி 2015இல் வெளியான ஓர் ஆய்வு, குறுகிய தலைப்புள்ள கட்டுரைகளை வெளியிடும் இதழ்களுக்குச் சராசரியாக அதிக மேற்கோள்கள் கிடைப்பதைக் காட்டியது. இது தொடர்புதான்; நீளத்தைக் குறைத்தாலே மேற்கோள் கூடிவிடும் என்பதற்குச் சான்று அல்ல. மதனப்பள்ளித் தலைப்பிலிருந்து 'தென்னிந்தியக் கிராமப்புற மக்களிடையே' என்பதை வெட்டியிருந்தால் இடம் மிச்சமாகியிருக்கும், உண்மை குறைந்திருக்கும்.

தலைப்பைக் கடைசியாக எழுதுங்கள், முடிவுகள் கைக்கு வந்த பிறகு. துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் அதைக் காட்டி, உள்ளே என்ன இருக்கும் என்று கேளுங்கள். அவர் சொல்வதும் நீங்கள் எழுதியதும் பொருந்தும்வரை திருத்துங்கள். சிறிய ஊரில், சிறிய கல்லூரியில் உழைப்பவருக்கு இது கூடுதலாகவே தேவை. தேடுபொறியில் நிறுவனத்தின் பெயரைத் தட்டச்சு செய்து தேடுபவர் குறைவு. பொருளைத் தேடி வருபவர்களே அதிகம். அந்தப் பொருள் தலைப்பில் இருந்தால், அவர்கள் உங்கள் கட்டுரைக்கு வந்து சேருவார்கள்.