எண்பதாயிரம் பேர் குதித்தால் பூமி அதிருமா?

அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் பேட்டன் ரூஜ் என்றொரு நகரம் இருக்கிறது. லூயிசியானா மாநிலத்தின் தலைநகரம் அது. அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்பந்தாட்ட அரங்குக்கு 'டைகர் ஸ்டேடியம்' என்று பெயர். 1924-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் ஆட்டம் நடந்தது. அந்தத் தொடக்க ஆட்டத்திலேயே சொந்த அணி 13-0 என்று தோற்றுப்போனது என்பது வேறு விஷயம். 2024-இல் அரங்குக்கு நூறு வயது நிறைந்தது.

கட்டியபோது 12,000 பேர் அமரலாம். 1930-களில் பார்வையாளர் மேடைகளை உயர்த்தியபோது, அவற்றின் அடியில் மாணவர் விடுதி அறைகளையும் சேர்த்துக் கட்டினார்கள். தலைக்கு மேலே ஆட்டம் பார்க்கும் கூட்டம், கீழே படிக்கும் மாணவர்கள்! 1936-இல் வடக்குப் பக்கத்தை மூடியபோது அரங்கு குதிரை லாடம் போல ஆயிற்று. 1953-இல் தெற்குப் பக்கமும் மூடப்பட்டுக் கிண்ணமாக மாறியது. இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அமரலாம். சனிக்கிழமை ஆட்டம் என்றால் காலையிலேயே குடும்பம் குடும்பமாகக் காரில் வந்து, அரங்கைச் சுற்றி அடுப்பு மூட்டி, இறாலும் கோழியும் அரிசியும் சேர்த்துப் பெரிய பாத்திரங்களில் சமைக்கத் தொடங்கிவிடுவார்கள். தாத்தா உட்கார்ந்த இடத்தில் பேரன் உட்காருவதும் உண்டு. அப்படிப்பட்ட பழைய ரசிகர்கள் கூடிப் பேசினால் ஒரு கதை வராமல் இருக்காது. 1988-ஆம் ஆண்டு தாங்கள் எழும்பிக் குதித்ததில் பூமியே அதிர்ந்தது என்பதுதான் அந்தக் கதை.

வெறும் ஜம்பமா, உண்மையா? நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலைக் கொண்டே இதைச் சோதித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் அன்று நடந்ததைத் தெரிந்துகொள்வோம். இது நாம் ஆடும் கால்பந்தாட்டம் அன்று. பந்து முட்டை வடிவில் இருக்கும். கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், எறியலாம். ஓர் அணி நான்கு முயற்சிக்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்த்தால் 6 புள்ளி. அதன்பின் உதைக்கும் ஓர் உதை கம்பங்களுக்கு நடுவே போனால் இன்னும் ஒரு புள்ளி.

1988 அக்டோபர் 8, சனிக்கிழமை இரவு. எதிரணி ஆபர்ன் பல்கலைக்கழகம். அது 6-0 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. எல்லைக்கோட்டுக்கு இன்னும் 11 கெஜம். நான்காவது முயற்சி, அதாவது கடைசி முயற்சி. டாமி ஹாட்சன் எறிந்த பந்தை எடி ஃபுல்லர் எல்லைக்கு அப்பால் பிடித்தார். ஏறத்தாழ 80,000 பேர் ஒரே நொடியில் துள்ளி எழுந்தனர். அடுத்த உதையும் தவறவில்லை. 7-6 என்று உள்ளூர் அணி வென்றது.

அரங்கிலிருந்து சுமார் 1000 அடி தொலைவில் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறைக் கட்டடம் இருக்கிறது. அங்கே ஒரு நிலநடுக்கப் பதிவுக் கருவி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் தாளைப் பார்த்தபோது, அமைதியான கோட்டுக்கு நடுவே ஒரு குறுகிய நடுக்கம் பதிந்திருந்தது. நேரத்தைப் பார்த்தார்கள். பந்து பிடிக்கப்பட்ட நேரத்தோடு பொருந்தியது! அன்றிலிருந்து அந்த ஆட்டத்துக்குப் 'பூகம்ப ஆட்டம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஆக, கருவி பதிந்தது உண்மை. ஆனால் அதைப் பூகம்பம் என்று சொல்லலாமா? கணக்குப் போடுவோம்.

ஒருவரின் நிறை சராசரி 70 கிலோகிராம் என்று கொள்வோம். குதிக்கும்போது உடல் 20 சென்டிமீட்டர் உயர்கிறது, அதாவது 0.2 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால், நிலை ஆற்றல் 70 × 10 × 0.2 = 140 ஜூல். 80,000 பேருக்கு 1 கோடியே 12 லட்சம் ஜூல். பெரிய எண்ணாகத் தோன்றுகிறது அல்லவா? வீட்டு மின்சார மீட்டரில் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். வகுத்துப் பாருங்கள்: மூன்று யூனிட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். 1 கிலோவாட் இஸ்திரிப்பெட்டியை மூன்று மணி நேரம் சூடாக்கி வைத்தால் செலவாகும் ஆற்றல் இது. வகுப்பில் இந்தக் கணக்கைப் போடும்போதெல்லாம் மாணவர்கள் ஏமாற்றம் அடைகிறார்கள். எனக்கென்னவோ இந்த ஏமாற்றம் பிடித்திருக்கிறது.

பூகம்பத்தின் ஆற்றலையும் அதன் ரிக்டர் எண்ணையும் இணைக்கும் ஒரு தோராயமான விதி உண்டு. எண் ஒன்று கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். இரண்டு கூடினால் 1000 மடங்கு. இந்த விதிப்படி 1 கோடியே 12 லட்சம் ஜூலுக்கு உரிய எண் 1.5. மிசிசிப்பிப் பள்ளத்தாக்கிலேயே, இதற்கு வெகு வடக்கே, நியூ மாட்ரிட் என்ற ஊரை ஒட்டி 1811-12-இல் பெரும் பூகம்பங்கள் நிகழ்ந்தன. அப்போது பதிவுக் கருவிகள் கிடையா. சேதங்களைக் கொண்டு அவற்றை 7-க்கும் 8-க்கும் இடைப்பட்டவை என்று மதிப்பிடுகிறார்கள். 7.5 என்று கொண்டால், 1.5-க்கும் அதற்கும் வித்தியாசம் 6. ஆற்றலிலோ 100 கோடி மடங்கு!

அந்த 1.5-கூட ரசிகர்களுக்கு நாம் தாராளமாகக் கொடுத்த மதிப்பெண்தான். குதித்த ஆற்றல் முழுவதும் நில அலையாக மாறுவதில்லை. பெரும்பகுதி முழங்காலிலும், செருப்பிலும், கான்கிரீட்டிலும் வெப்பமாகித் தீர்ந்துவிடும். மிகச் சிறிய பங்கே தரைக்குள் இறங்குகிறது. ஆகவே பக்கத்துத் தெருவில் ஒரு தம்ளர்கூட அசைந்திருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் கருவி எப்படிக் கண்டுகொண்டது? அதன் தத்துவம் எளியது. சட்டகத்தில் ஒரு கனமான குண்டு தொங்குகிறது. தரை அசையும்போது சட்டகமும் தரையோடு அசையும். குண்டோ தன் நிலைமத்தால் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். இரண்டுக்கும் இடையே உண்டாகும் நகர்ச்சியை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கிப் பதிவு செய்கிறார்கள். எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி வைத்த கால்வனாமீட்டர் ஒன்று உண்டு. மாடியில் மாணவர்கள் இரண்டு பேர் ஓடினால் போதும், சுவரில் விழும் அதன் ஒளிப்புள்ளி ஆடத் தொடங்கிவிடும். சோதனை முடியும்வரை வாசலில் ஓர் ஆளைக் காவல் நிறுத்த வேண்டியிருக்கும். அதற்கே அப்படியென்றால், நிலத்தின் அசைவை அளப்பதற்கென்றே செய்த கருவி 1000 அடியில் 80,000 பேரை விட்டுவிடுமா?

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஆட்டம் முழுவதும் ரசிகர்கள் உட்காருவதும் எழுவதும் குதிப்பதுமாகத்தான் இருந்திருப்பார்கள். அப்போதெல்லாம் இப்படிப் பதியவில்லையே, ஏன்? 80,000 நாணயங்களைச் சுண்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழப் பாதி தலை, பாதி பூ விழும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமாக 80,000-இன் வர்க்கமூலம் அளவில், அதாவது 283 அளவில் இருக்கும். ஆளுக்கொரு நேரத்தில் குதிக்கும் கூட்டமும் அப்படித்தான். ஒருவர் மேலே போகும்போது இன்னொருவர் கீழே வருவார். ஒன்றை ஒன்று ஈடுசெய்துவிடும். மிஞ்சுவது 283 பேர் சேர்ந்து குதித்த விளைவுதான். எல்லாரும் ஒரே கணத்தில் குதித்தாலோ 80,000-மும் கூடும்.

அந்த ஒரே கணத்தை உண்டாக்கியது யார்? கட்டளையிட எவரும் இல்லை. பந்து பிடிக்கப்பட்ட காட்சிதான் கட்டளை. ஒளி அரங்கைக் கடக்க ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். எனவே எல்லாரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

இதே காரியத்தை முரசடித்துச் செய்ய முயன்றால் நடக்காது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகிறது. விநாடிக்கு இரண்டு முறை குதிக்கும் தாளம் என்று கொள்ளுங்கள். ஒரு குதிக்கும் அடுத்ததற்கும் இடையே அரை விநாடி. அதில் பாதி கால் விநாடி. கால் விநாடியில் ஒலி செல்லும் தூரம் 85 மீட்டர். ஆகவே முரசுக்கு அருகில் இருப்பவர் தரையைத் தொடும் நேரத்தில், 85 மீட்டர் தள்ளி இருப்பவர் ஆகாயத்தில் இருப்பார்! ஆடுகளத்தின் நீளமே 91 மீட்டர். முரசு ஒரு முனையில் ஒலித்தால், மறுமுனைக் கூட்டம் அநேகமாக நேர் எதிரான தாளத்தில்தான் குதிக்கும். ஒலிபெருக்கிகளைச் சுற்றிலும் பொருத்திவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும் என்பதையும் கவனியுங்கள்.

பாதுகாப்பு என்று ஏன் சொல்கிறேன் என்று கேட்கலாம். பேட்டன் ரூஜில் நடந்தது ஒரே ஒரு துள்ளல். கட்டடத்துக்கு அது ஒரு குட்டு மாதிரி. தரையை அடையும்போது ஒருவர் வேகம் விநாடிக்கு 2 மீட்டர். பத்தில் ஒரு விநாடியில் நின்றுவிட்டால், அந்தக் கணத்தில் காலடியில் விழும் விசை அவர் எடையைப்போல் மூன்று மடங்கு. இதைத் தாங்குமாறு மேடைகளைக் கட்டிவிடலாம். ஆனால் தாளத்தோடு திரும்பத் திரும்பக் குதிப்பது வேறு சங்கதி. ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். சின்னக் குழந்தைகூட, ஊஞ்சல் வந்து போகும் நேரமறிந்து மெல்லத் தள்ளினால், பெரியவரையும் உயர ஆட்டிவிடும். ஊஞ்சலுக்கு இருப்பதுபோல ஒவ்வொரு கட்டடத்துக்கும், அது நிற்கும் மண்ணுக்கும் ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. குதிக்கும் தாளம் அதனோடு ஒத்துப்போனால் அதிர்வு ஒவ்வொரு குதிக்கும் வளரும். இதுதான் ஒத்ததிர்வு.

1985 ஜூன் மாதம் ஸ்வீடன் நாட்டின் கோட்டென்பர்க் நகரில் உல்லெவி அரங்கில் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்ற பாடகரின் இசை நிகழ்ச்சி நடந்தது. அந்த அரங்கு நிற்பது மென்மையான களிமண் மீது. கூட்டம் பாட்டின் தாளத்துக்குச் சேர்ந்து குதித்தபோது களிமண் ஆடியது. அதோடு அரங்கும் ஆடியது. பிறகு பெரிய அளவில் பழுதுபார்க்க வேண்டியதாயிற்று. 2021 அக்டோபரில் நெதர்லாந்தின் நைமேகன் நகரில், ஆட்டம் முடிந்ததும் வெற்றி பெற்ற விருந்தாளி அணியின் ரசிகர்கள் மேடையில் குதித்துக் கொண்டாடினார்கள். அவர்கள் நின்ற கான்கிரீட் மேடையின் ஒரு பகுதி வளைந்து சரிந்தது. நல்லவேளை, எவருக்கும் காயமில்லை. இத்தகைய நிகழ்ச்சிகளால்தான் பொறியாளர்கள் இன்று அரங்கு கட்டும்போது எத்தனை டன் தாங்கும் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. மேடையின் அதிர்வெண் என்ன, அது மனிதர் குதிக்கும் வேகத்துக்கு மேலே போதிய தூரம் விலகி இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். மனிதர் சாதாரணமாக விநாடிக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் குதிக்க முடியாது என்பது அவர்களுக்கு ஓர் அனுகூலம்.

டைகர் ஸ்டேடியம் இருக்கும் தென் லூயிசியானாவும் ஆற்று வண்டல் மிக ஆழமாகப் படிந்த நாடுதான். மென்மையான மண்ணில் நில அலைகளின் வீச்சு பெரிதாகும். அந்த இரவின் சிறு நடுக்கம் கருவிக்கு எட்டியதில் மண்ணுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது.

ரசிகர்களால் நிலம் அதிர்ந்ததற்கு இது ஒன்றே சாட்சி அன்று. 2011 ஜனவரி 8-ஆம் நாள் சியாட்டில் நகரில், தொழில்முறை அணிகள் ஆடிய ஆட்டமொன்றில் மார்ஷான் லிஞ்ச் 67 கெஜம் ஓடிப் புள்ளி எடுத்தார். அரங்குக்கு அருகிலிருந்த கருவி கூட்டத்தின் துள்ளலைப் பதிந்தது. அங்குள்ள நிலநடுக்க ஆய்வாளர்கள் பிறகு அரங்குக்கே கருவிகளைக் கொண்டுபோய் வைத்து, ரசிகர்களைக்கொண்டே தங்கள் கருவிகளைச் சோதித்தார்கள். பூகம்பத்துக்கு நாள் குறிக்க முடியாது; ஆட்டத்துக்குக் குறிக்கலாமே!

ஆகவே டைகர் ஸ்டேடியத்துப் பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. பூமியை அசைத்தார்கள், மூன்று யூனிட் மின்சாரத்துக்குள் அடங்கும் அளவுக்கு அசைத்தார்கள்.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். தரைத்தளத்து வகுப்பறையில் ஓர் அகலமான தட்டில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றித் தரையில் வையுங்கள். சன்னல் வழியே வரும் வெயில் அதில் பட்டுக் கூரையில் ஓர் ஒளித்திட்டாக விழட்டும். முப்பது பேர் நாலடி தள்ளி நின்று, முதலில் அவரவர் விருப்பப்படி குதியுங்கள். ஒளித்திட்டு எவ்வளவு ஆடுகிறது என்று ஒருவர் கூரையில் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். பிறகு ஒருவர் கையைத் தாழ்த்தும் சைகைக்கு எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு முறை குதியுங்கள். சைகை கண்ணுக்குத் தெரியட்டும், கைதட்டல் வேண்டாம். மாடி வகுப்பறையில் இதைச் செய்ய வேண்டாம். அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.