கருங்கல் ஒதுக்கில் வெள்ளை ஓவியங்கள்

மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தங்கம் எடுத்த ஊர் கோலார் தங்கவயல். 2001இல் மூடப்பட்ட அந்தச் சுரங்கங்கள் உலகின் மிக ஆழமானவற்றில் சேரும். ஆனால், ஆதிமனிதர் ஓவியம் தீட்டிய ஆழமான குகையை அந்தப் பக்கத்தில் எதிர்பார்த்துப் போகக் கூடாது.

காரணம் கல். பிரான்ஸின் லாஸ்கோ, தண்ணீர் கரைத்துக் குடைந்த சுண்ணாம்புக்கல் குகை. கருங்கல் அப்படிக் கரையாது. வெயிலிலும் மழையிலும் தோல்தோலாக உரியும். உருண்ட பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்க, அடியில் சிலர் ஒதுங்கும் அளவுக்கு நிழல் கிடைக்கும். தென்னாட்டில் குகை ஓவியம் என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்தப் பாறை ஒதுக்குகளில் இருப்பவைதான்.

தங்கவயலிலிருந்து குப்பம் தாண்டித் தெற்கே போனால் கிருஷ்ணகிரி மாவட்டம். அங்கே மல்லச்சந்திரம் குன்றில் பலகைக்கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் போட்ட கல்திட்டைகள் இருக்கின்றன. இறந்தவர்களுக்காக எழுப்பியவை. குனிந்து பார்த்தால் சிலவற்றின் உட்சுவரில் வெள்ளை ஓவியங்கள்: உடம்புக்கு ஒரு தடித்த கோடு, கைகால்களுக்கு மெல்லிய கோடுகள், விலங்கின்மேல் ஏறிய ஆள். முகம் வரையவே இல்லை.

எவ்வளவு பழசு? இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பு கி.மு. 2172 வரை பின்னோக்கிப் போகிறது என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. அங்கேயும் பாறை ஓவியங்கள் உண்டு என்பதால் அந்த ஆண்டைத் தூக்கி ஓவியத்தின்மேல் ஒட்டிவிட முடியாது. அது அகழ்ந்த மண்ணடுக்குக்குரிய காலம். கரியால் வரைந்திருந்தால் கரிமக் கணிப்பு செய்யலாம். பிரான்ஸின் ஷோவே குகைக்கு 30,000 ஆண்டுகளுக்கு மேல் வயது சொன்னது அப்படித்தான். வெள்ளைக் களிமண்ணிலும், விழுப்புரம் அருகே கீழ்வாலையில் உள்ளதுபோன்ற செங்காவியிலும் கணிக்கக் கரிமம் இல்லை. ஆகவே ஆய்வாளர்கள் வரைந்த பொருளைப் பார்க்கிறார்கள்: குதிரை வீரனும் இரும்பு ஆயுதமும் இருந்தால், வேட்டைக் காலத்துக்குப் பிந்தியது.

பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் தெளிக்கக் கூடாது. நிறம் ஒரு நிமிடம் பளிச்சென்று தெரியும், பிறகு உப்புப் படிந்து ஓவியம் மங்கும். படம் எடுத்துவந்து ‘டி-ஸ்ட்ரெட்ச்’ மென்பொருளில் போட்டால், கண்ணுக்குத் தப்பிய கோடுகூடத் தெரியும். லாஸ்கோவை, பார்வையாளர்களின் மூச்சுக்காற்றே கெடுத்ததால், 1963இல் மூடிவிட்டார்கள். இங்கே காற்றோட்டத்துக்குக் குறைவில்லை. பாறையில் பெயர் கிறுக்குகிறவர்களும் கல் குவாரிகளும்தான் தொல்லை.