பாக்கி யார் தலையில்?

இறந்தவர் விட்டுச்சென்ற மருத்துவமனைப் பாக்கி அவருடைய சொத்தின் மேல் நிற்கிறதே தவிர வாரிசின் தலையில் ஏறுவதில்லை என்பது, துக்க வீட்டாருக்குப் பெரும்பாலும் தெரியாமலே போகிறது.

வேலூர் லாங் பஜாரிலும் ஆம்பூர், வாணியம்பாடி மஹல்லாக்களிலும் இறந்தவரின் சொத்திலிருந்து கடனைத் தீர்க்கும் கடமை ஊரறிய நினைவூட்டப்படுகிறது. மய்யித்து, அதாவது இறந்தவரின் உடல், முன்னே வைக்கப்பட்டிருக்க, ஜனாஸா தொழுகைக்காக ஸஃப் கட்டி நிற்போரிடம், இவருக்குக் கடன் கொடுத்தவர் எவரேனும் இருந்தால் குடும்பத்தாரிடம் தெரிவிக்குமாறு சொல்லும் வழக்கம் உண்டு. அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத வஸிய்யத் எனும் மரண சாசனம் ஆகியவை தீர்ந்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கு என்பது ஷரீஅத் வகுத்த வரிசை. வாரிசு தாம் பெற்ற பங்கின் அளவுக்கே பொறுப்பாகிறார். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 320ஆம் பிரிவும், ஈமச் செலவோடு, மருத்துவர் கட்டணம் உள்ளிட்ட மரணப் படுக்கைச் செலவையும் மற்றக் கடன்களுக்கு முன்பாகத் தீர்க்கச் சொல்கிறது.

இந்துக் குடும்பங்களில் தந்தையின் கடனை அடைப்பது மகனின் சமயக் கடமை என்ற பழைய கொள்கையை மட்டும் காட்டி, 2005 செப்டம்பர் 9க்குப் பின் ஏற்பட்ட கடனுக்கு மகன் மீது வழக்குத் தொடர இயலாதவாறு இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50ஆம் பிரிவும் கைக்கு வந்த சொத்தின் அளவோடு பொறுப்பை நிறுத்திவிடுகிறது. தோல் பதனிடும் தொழிற்சாலையிலும் ஷூ கம்பெனியிலும் உழைத்தவரின் பி.எஃப். தொகையோ, நாமினிக்குச் சேரும்போது இறந்தவரின் கடன் எதற்கும் உட்படாது என்று 1952ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. மனைவியின் நகை அவருக்கே சொந்தமான ஸ்திரீதனம் ஆதலால் கணவரின் சொத்தில் அது சேராது. அப்படியிருந்தும் காதிலும் கழுத்திலும் கிடப்பதைக் கழற்றிக்கொண்டு அவர் அடகுக் கடைப் படியேறுவது பெருங்கொடுமை.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அட்மிஷன் நேரத்தில், பதற்றத்தில், செலவுக்குத் தாமே பொறுப்பு என்று கையெழுத்திட்டவர், வாரிசு என்பதால் அன்றி ஒப்பந்தத்தால் கட்டுப்படுகிறார். அந்தத் தாளின் நகல் வீட்டில் இருப்பது நல்லது. ஆயினும் பாக்கியைக் காட்டி உடலைத் தர மறுக்க எவருக்கும் உரிமையில்லை. 2021 மே மாதத்தில், கொரோனாவின் இரண்டாம் அலையின்போது, தேசிய மனித உரிமைகள் ஆணையம் இதற்கு வெளிப்படையான தடை வேண்டுமென அரசுகளுக்கு அறிவுறுத்தியது.