லிட்டருக்கும் ஒரு வெப்பநிலை உண்டு

ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் பாக்கெட்டில் லிட்டருக்குப் பக்கத்திலேயே 910 கிராம் என்பதுபோல ஓர் எடையும் அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து எடை குறைவு என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ என்ற கணக்கு தண்ணீருக்குத்தான் ஏறக்குறையப் பொருந்தும். ஒரு மில்லிலிட்டர் பால் சுமார் 1.03 கிராம், தேன் 1.4 கிராம், சமையல் எண்ணெய் 0.91 கிராம் இருக்கும். இதுதான் அடர்த்தி. மில்லிலிட்டரை அடர்த்தியால் பெருக்கினால் கிராம் வரும். கிராமை அடர்த்தியால் வகுத்தால் மில்லிலிட்டர் வரும். 15 லிட்டர் டின்னில் சுமார் 13.7 கிலோ எண்ணெய்தான் இருக்கும். 15 கிலோ டின்னிலோ சுமார் 16.5 லிட்டர் இருக்கும். இரண்டும் ஒரே விலை என்றால் எதை வாங்குவது என்பதில் குழப்பமே இல்லை.

ஆனால் அடர்த்தி நிலையான எண் அல்ல. சூடேறினால் எண்ணெய் விரியும். எடை மாறாது, இடம்தான் கூடும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரி செல்சியஸில் 919 கிராம். 60 டிகிரியில் 892.6 கிராம்தான். சில நிறுவனங்கள் 60 டிகிரி வரையிலான வெப்பநிலையைக் குறிப்பிட்டு 'ஒரு லிட்டர்' என்று அச்சிட்டன. அந்த 892.6 கிராம் 30 டிகிரிக்கு ஆறினால் 978 மில்லிலிட்டராகச் சுருங்கிவிடும். அதனால்தான் வெப்பநிலையைக் குறிப்பிடாமல் நிகர அளவை எழுதுமாறும், அது எடையோடு ஒத்திருக்க வேண்டும் என்றும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் அறிவுறுத்தியது.

எடையும் அச்சாகியிருக்கும்போது இதில் ஏமாற்று எங்கே என்று கேட்கலாம். வாங்குபவர் விலையை ஒப்பிடுவது பெரிய எழுத்தில் உள்ள லிட்டரை வைத்துத்தான்; லிட்டர் ஒன்றாக இருந்தும் உள்ளே இருக்கும் பொருள் குறைந்தால், அந்த ஒப்பீடே தவறாகிவிடும். 919-க்கும் 892.6-க்கும் இடையிலான 26 கிராம் அற்பம் என்பதும் சரியல்ல. அது ஏறக்குறைய 3 சதவீதம். ஆயிரம் பாக்கெட்டுக்கு 26 கிலோ. சமையலுக்குக் கரண்டி அளவு வசதி என்பது உண்மைதான். அங்கே சில மில்லிலிட்டர் கூடினாலும் குறைந்தாலும் நஷ்டமில்லை. காசு கொடுக்கும் இடத்தில் அப்படி விட முடியாது. எண்ணெயின் விலையைக் கிராம் கணக்கில் ஒப்பிடுவதே சரி; வெயிலோ குளிரோ அந்தக் கணக்கை மாற்ற முடியாது.