அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸ் பூட் ஆகலையா? காரணமான ஒரே ஒரு கோடு மாற்றத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

கிழக்கேகோட்டையில் காலை 8 மணிக்கு ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, டெக்னோபார்க் பஸ் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவு 8 மணிக்குத் திரும்பினால் ஹெட்லைட் உடைந்திருக்கிறது. எதிர்க் கடையில் சிசிடிவி இருக்கு. ஆனா, 12 மணி நேர வீடியோவை யார் உட்கார்ந்து பார்ப்பது?

முழுசா பார்க்கத் தேவையில்லை. நேராக மதியம் 2 மணிக்குப் போங்க. ஹெட்லைட் நல்லா இருக்கா? அப்போ, உடைந்தது அதற்குப் பிறகுதான். ஏற்கெனவே உடைஞ்சிருக்கா? காலையிலேயே நடந்திருக்கு. மிச்சமுள்ள பகுதியை மறுபடி பாதியாக்குங்கள். 720 நிமிட வீடியோவில் அந்த ஒரு நிமிடத்தைப் பிடிக்க 10 முறை பார்த்தாலே போதும்.

நேற்று வரை ஓடிய லினக்ஸ், அப்டேட் செய்ததும் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டால், காரணத்தைத் தேடுவதும் இப்படித்தான்.

14 ரீபூட் போதும்

லினக்ஸின் மையமான கெர்னலுக்கு சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றிலும் பொதுவாக 10,000-க்கும் அதிகமான மாற்றங்கள் இருக்கும். அத்தனையையும் படிக்க யாராலும் முடியாது.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கிய கிட் மென்பொருளில் 'பைசெக்ட்' என்றொரு கட்டளை உண்டு. கடைசியாக நன்றாக ஓடிய பதிப்பு எது, ஓடாத பதிப்பு எது என்று நீங்கள் சொன்னால் போதும். நடுவில் உள்ள மாற்றத்தை அது எடுத்துத் தரும். அந்த நிலையில் கெர்னலை கம்பைல் செய்து ரீபூட் பண்ணுங்க. பூட் ஆனால் 'குட்', ஆகாவிட்டால் 'பேட்', கம்பைலே ஆகவில்லை என்றால் 'ஸ்கிப்'. 16,000 மாற்றங்கள் இருந்தாலும் சுமார் 14 சுற்றில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும்.

கெர்னலைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் போதும். ஒரே எச்சரிக்கை: ஒரு முறை பூட் ஆகி, மறுமுறை ஆகாத கோளாறு என்றால், ஒவ்வொரு சுற்றிலும் பல முறை சோதியுங்கள். ஒரு தப்பான 'குட்' போதும், தேடலே வேறு பக்கம் போய்விடும்.

சிக்கியது யார்?

2019 செப்டம்பர். 5.3 பதிப்பு வெளியாகும் தறுவாயில், தன் லேப்டாப் பூட் ஆகாமல் தொங்குவதாக ஒரு டெவலப்பர் புகார் செய்தார். பைசெக்ட் செய்ததில் சிக்கியது, எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் செய்த ஒரு மாற்றம். அது செய்ததெல்லாம் நல்ல வேலைதான்: டிஸ்க்கை அடிக்கடி தொடாமல், படிக்க வேண்டியதை ஒன்றாகச் சேர்த்து, வேகத்தைக் கூட்டியது.

அப்புறம் ஏன் பூட் நின்றது? கணிக்க முடியாத ரேண்டம் எண்களை உருவாக்க, டிஸ்க், கீபோர்டு, மவுஸ் போன்றவற்றின் செயல்பாடுகளுக்கு இடையிலான நேர வித்தியாசங்களை கெர்னல் சேகரிக்கிறது. டிஸ்க் வேலை குறைந்ததால், பூட் ஆகும்போது அந்தச் சேகரிப்பு போதவில்லை. அதே நேரத்தில் ஒரு புரோகிராம் ரேண்டம் எண் கேட்டுக் காத்து நின்றது. அது நின்றதால், பூட்டும் நின்றது.

அதாவது, பைசெக்ட் கைகாட்டிய மாற்றத்தில் பிழையே இல்லை. ஏற்கெனவே ஒளிந்திருந்த பலவீனத்தை அது வெளியே கொண்டுவந்தது, அவ்வளவுதான். இருந்தும், ஓடிக்கொண்டிருந்த கணினி நிற்கக் கூடாது என்பது கெர்னல் உலகின் விதி. எனவே 5.3 வெளியான செப்டம்பர் 15 அன்றே டோர்வால்ட்ஸ் அதைத் திரும்பப் பெற்றார். அடுத்த 5.4 பதிப்பில், ரேண்டம் எண்களுக்காகச் சும்மா காத்திருக்காமல் கெர்னலே முயன்று சேகரிக்கும் வழி வந்தது. எக்ஸ்ட்4 மாற்றமும் திரும்ப வந்தது.

உங்கள் ஆபீஸுக்கு என்ன பாடம்?

ஒன்று, மாற்றங்களைச் சின்னச் சின்னதாக கமிட் செய்யுங்கள். 3,000 வரிகளை ஒரே கமிட்டில் கொட்டினால், பைசெக்ட் அதைக் காட்டிய பிறகும் தேடல் முடியாது. இரண்டு, புது கெர்னல் போட்டதும் பழையதை உடனே அழிக்காதீர்கள். பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்து அன்றைய வேலையைத் தொடரலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். பைசெக்ட் ஒரு சக ஊழியரின் பெயரில் போய் நின்றால், உடனே அவர்மேல் பழியைப் போடாதீர்கள். கோளாறு எந்த மாற்றத்தில் வெளிப்பட்டது என்பதைத்தான் அது சொல்லும். ஏன் என்பதை அவரோடு உட்கார்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.